பூட்டிய வீடு

அக்டோபர் 6, திங்கள்

இந்த டைரி ஒரு மருந்துக் கம்பெனிக்காரன் நகராட்சிக்குக் கொடுத்தது. வருஷம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது எங்கள் கைக்கு வந்திருக்கிறது. "கொசுப்புழு எங்கெங்க பாத்தீங்கன்னு இதுல தினமும் எழுதுங்கம்மா" என்று தளவாய் சார் ஆளுக்கொன்று கொடுத்தார். அவர் எங்கள் சுகாதார ஆய்வாளர். புழுக் கணக்கு எழுதத்தான் படிவம் இருக்கிறதே. இதில் என் வயிற்றெரிச்சலை எழுதிக்கொள்கிறேன்.

நான் சண்முகவடிவு. டெங்குக் கொசு ஒழிப்பு வேலையில் ஏழு வருஷம். வீடு வீடாகப் போய் டிரம், தொட்டி, ஆட்டுக்கல், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்ப்போம். புழு இருந்தால் தண்ணீரைக் கொட்டச் சொல்வோம். கொட்ட முடியாவிட்டால் மருந்து ஊற்றுவோம். பார்த்த வீட்டு அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவோம். மொத்தம் இருபது பெண்கள். டிசம்பரிலிருந்து எங்களில் ஒருத்தியை மேற்பார்வையாளர் ஆக்கப்போகிறார்களாம். சார் சொன்னதும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். சார் மட்டும் வேதக்கனியைப் பார்த்தார்.

அவள் வேலைக்கு வந்து நாலு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

அக்டோபர் 8

சார் எல்லாரையும் செக்கடித் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வேதக்கனி வேலை செய்யும் விதத்தைப் பார்க்கச் சொன்னார். ஏழு வருஷக்காரி நானும் போய் நின்றேன்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் புழுவை அள்ளினாள். வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "மைனி, இதுக்கு வயசு நாலு நாளு. இன்னும் நாலு நாள்ல செறகு மொளச்சு ஒங்க புள்ளையளத்தான் கடிக்கும். பகல்ல கடிக்கும், கால்ல கடிக்கும்" என்றாள். அந்த மைனி உடனே டிரம்மைச் சாய்த்துவிட்டாள். தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருமுறை வருகிற ஊரில் முழு டிரம் தண்ணீரைச் சாய்ப்பது லேசா? இதையேதான் நானும் ஏழு வருஷமாகச் சொல்கிறேன். எனக்கு "சரி சரி, பொறவு ஊத்துதோம், போங்க" என்று பதில் வரும். அவளுக்கு வீட்டுக்கு வீடு காப்பி வருகிறது.

அவள் பேச்சில் அப்படி என்ன தேன் ஒழுகுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று. புழு பார்க்கிற கண் எனக்குத்தான் உண்டு. ஏணி இல்லாவிட்டாலும் சுவரைப் பிடித்து ஏறிவிடுவேன். அவளுக்கு ஸ்டூல் மேல் நின்றாலே தலை சுற்றும். இது சாருக்குத் தெரியாது.

அக்டோபர் 11

வேதக்கனி கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை என் வீட்டுக்காரர் சட்டியோடு வழித்தார். நான் தொடவே இல்லை. பிறகு கொஞ்சம் தொட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

அக்டோபர் 14, செவ்வாய்

வேதக்கனி தங்கை நிச்சயதார்த்தத்துக்கு சாயர்புரம் போயிருக்கிறாள். இரண்டு நாளைக்கு செக்கடித் தெருவை நான் பார்க்க வேண்டும் என்று சார் உத்தரவு. போனேன்.

வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி. "வேதக்கனி வரலியா?" ஏழாவது வீட்டில் இசக்கி என்று ஒரு பெண். ஏழு மாதக் கர்ப்பம், தலைச்சன். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். எனக்கு மோர் கொடுத்து, உட்காரச் சொல்லி, எல்லாம் மரியாதையாகத்தான் செய்தாள். கடைசியில் அவளும், "வேதக்கனியக்கா நாளைக்காவது வருவாவளா? அவிய வந்தா எனக்கு நேரம் போறதே தெரியாது. புள்ளைக்குப் பேருகூட அவியதான் ரெண்டு சொல்லிருக்காவ" என்றாள். பெயர் வைக்கிற வேலையெல்லாம் எந்தப் படிவத்தில் வருகிறது?

அடுத்தது ஒரு பாதிக் கட்டின வீடு. கதவு, ஜன்னல் எதுவும் வைக்கவில்லை. வேலை நின்று இரண்டு மாதம் இருக்கும். வாசல் தூணில் அட்டை ஒட்டி, நாலு நாளைக்கு முந்தின தேதியில் வேதக்கனி கையெழுத்துப் போட்டிருந்தாள். மாடிப் படிக்குக் கைப்பிடி இல்லை. ஏறினேன். மொட்டை மாடியில் சிமெண்டுத் தொட்டி. பூச்சு காயாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றுவதற்காகக் கட்டியது. மழைத் தண்ணீர் முக்கால் தொட்டிக்கு நின்றது.

டார்ச் அடித்தேன். ஏழு வருஷத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. சின்னது, பெரியது, கூட்டுப்புழு என்று எல்லா வயசும் நெளிந்தது. அவள் இந்தப் படியில் கால்கூட வைக்கவில்லை. கீழே நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

பொய் சொல்வானேன், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

பையில் மருந்து இருந்தது. ஊற்றினால் காரியம் இன்றோடு முடிந்துபோகும், அவள் லட்சணம் யாருக்கும் தெரியாது. நாளை மறுநாள் வியாழக்கிழமை சார் இந்தத் தெருவுக்குத் திடீர்ச் சோதனை வருகிறார் என்று ஆபீசில் காதில் விழுந்தது. அவரே தன் கண்ணால் பார்க்கட்டும். இரண்டு நாள்தானே. படிவத்தில் எத்தனை வீடு பார்த்தோம், எத்தனை வீடு பூட்டியிருந்தது என்று எண்ணிக்கை மட்டும்தான் கேட்பார்கள். மூன்று வீடு பூட்டு. இதையும் சேர்த்து நாலு என்று எழுதினேன்.

அக்டோபர் 16, வியாழன்

சார் வரவில்லை. விடாமல் மழை. சாரை மருத்துவ முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். தீபாவளி கழித்துத்தான் சோதனையாம்.

வேதக்கனி ஊரிலிருந்து எனக்கென்று ஒரு பொட்டலம் அதிரசம் கொண்டுவந்தாள். "என் தெருவப் பாத்துக்கிட்டியளாமே, ரொம்ப நன்றிக்கா. எதும் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு" என்றேன். அவள் வேலையை அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

அக்டோபர் 20, தீபாவளி

விடிய எண்ணெய் தேய்த்துக் குளித்து, உளுந்த வடை சுட்டேன். பெயருக்கு நாலு சரவெடி. என் வீட்டுக்காரருக்கு எடுத்த சட்டை தோளில் பிடிக்கிறது.

எங்களுக்கெல்லாம் லீவு. வேதக்கனி மட்டும், "எனக்குக் கிறிஸ்மஸ்ஸுக்குத் தந்தாப் போதும் சார், ஒங்க பண்டிகைக்கு நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி ஆறு பேர் தெருவைத் தனியாளாகப் பார்த்தாளாம். அதில் என் தெருவும் ஒன்று. சார் போன் போட்டு எனக்கே அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார். நான் கேட்டேனா? என் தெருவை அவளிடம் யார் கொடுக்கச் சொன்னது?

அக்டோபர் 24, வெள்ளி

செக்கடித் தெருவில் மாசானம் என்று ஒரு லாரி டிரைவர். வெளியூர் போய்த் திரும்பியவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார். ரத்தம் எடுத்ததில் டெங்கு. ஒரு காய்ச்சல் வந்தால் சுற்றி ஐம்பது வீடு பார்க்க வேண்டும், புகை அடிக்க வேண்டும். எங்களில் எட்டுப் பேர் போனோம். எனக்குத் தெருவின் கிழக்குப் பக்கம் விழுந்தது. தொட்டி இருக்கிற வீடு மேற்குப் பக்கம். அதைப் பார்த்தவள் வேதக்கனி.

நான் ரோட்டைத் தாண்டி அந்த வீட்டு வாசல் வரைக்கும் போனேன். இதை எழுதத்தான் வேண்டும். போனேன். தீபாவளிக்குக் குடிகாரர்கள் உள்ளே உட்கார்ந்து பாட்டில் உடைத்தார்களாம். அதனால் வீட்டுக்காரர் வாசலுக்கு இரும்புக் கேட்டுப் போட்டு, மாடிப் படிக்கும் தகரம் அடைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். வெல்டிங் வாசம் இன்னும் போகவில்லை. அவள் அவரிடம், "மேல தண்ணி எதும் நிக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள். "வேலையே நடக்கல, தண்ணி எங்கருந்து வரும்?" என்றார். அவள் நம்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

இனி நான் நினைத்தாலும் ஏற முடியாது. பூட்டிவிட்டார்களே. சாரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம்தான். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்.

அக்டோபர் 29

தண்ணீர் வந்தது. ஒன்பது நாள் அழுக்கையும் துவைத்துப் போட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

நவம்பர் 5, புதன்

இசக்கிக்குக் காய்ச்சல்.

கொசு பிறக்கும்போதே நோயோடு பிறப்பதில்லை. காய்ச்சல்காரரைக் கடிக்க வேண்டும். அந்தக் கிருமி அதன் உடம்பில் எட்டுப் பத்து நாள் வளர வேண்டும். அதற்கப்புறம் அது இன்னொரு ஆளைக் கடித்து, நாலைந்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுப்பேன். மாசானத்துக்குக் காய்ச்சல் வந்த நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். கணக்குச் சரியாக வந்தது. அடுத்த கையிலும் எண்ணிப் பார்த்தேன்.

கொசு எந்த வீட்டிலிருந்தும் பறந்து வரலாம். அந்தத் தெருவில் அறுபது வீடு இருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

நான் நினைத்தபடியே நடந்தது. மூன்று வாரம் தள்ளி நடந்தது, அவ்வளவுதான்.

இசக்கிக்கும் டெங்கு என்று தெரிந்து வந்தார்கள். மாவட்டத்திலிருந்து ஒரு டாக்டரம்மா, பூச்சியியல் ஆள் இரண்டு பேர், தளவாய் சார், நாங்கள். பூட்டைத் திறக்கச் சொல்லி மாடிக்கு ஏறினோம். டார்ச் வெளிச்சம் பட்டதும் தொட்டி முழுக்கப் புழு கீழே இறங்கியது. தளவாய் சார் முகம் சுண்டிப்போயிற்று. கீழே வந்து தூணில் இருந்த அட்டையைப் பார்த்தார். 10, 17, 24 என்று மூன்று தேதியிலும் வேதக்கனி கையெழுத்து.

"மேல ஏறுனியாம்மா?"

"ஏறல சார்."

"பொறவு எப்படிக் கையெழுத்துப் போட்ட?"

"கைப்பிடி இல்லாத படி சார். எனக்குத் தல சுத்தும். மொதல்ல கொத்தனாருகிட்ட போன்ல கேட்டேன், பொறவு வீட்டுக்காரவியகிட்ட கேட்டேன். மேல ஒண்ணும் இல்லன்னாவ. நம்பிட்டேன்." ஒரு வார்த்தை மறைக்கவில்லை. மழை என்றோ உடம்பு சரியில்லை என்றோ ஒரு சாக்கும் சொல்லவில்லை. அங்கேயே நின்று அழுதாள்.

சார் என் பக்கம் திரும்பினார். "பதினாலாம் தேதி நீதான வந்த? நாலு வீடு பூட்டுன்னு போட்டிருக்க. இது அதுல உண்டா?"

"உண்டு சார். பூட்டியிருந்துச்சு" என்றேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. கேட்டில் தொங்கின பூட்டை அவரே பார்த்தார், தலையாட்டினார்.

இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்து சந்தோஷப்பட உட்கார்ந்தேன், வரவில்லை.

நவம்பர் 8

இசக்கிக்கு ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறதாம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேதக்கனியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவள் வீட்டுக்குப் போகவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் இசக்கியின் அம்மாவோடு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாளாம். ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைகிறாளாம்.

அங்கேயும் முந்திக்கொண்டுவிட்டாள்.

நவம்பர் 10, திங்கள்

குழந்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதம் முழுசாகாமல் பிறந்தது. பெண். இன்று சாயந்திரம் போய்விட்டது. இசக்கி பிழைத்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டார்கள்.

சோறு வடித்தேன். குழம்பில் உப்பு இல்லை என்றார் என் வீட்டுக்காரர். கல் உப்புச் சாடியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

நவம்பர் 13, வியாழன்

வேதக்கனி வந்தாள். பையும் டார்ச்சும் ஆபீசில் ஒப்படைத்துவிட்டு அப்படியே வந்திருக்கிறாள். அந்த வெள்ளைக் கிண்ணம் மட்டும் அவளுடைய சொந்தக் கிண்ணமாம், கையில் வைத்திருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"யக்கா, தீவாளி கழிச்சுத்தான அந்த வீட்டுக்குக் கேட்டுப் போட்டாவ?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பதினாலாம் தேதி அந்த வீட்டுக்குக் கதவே கெடையாதேக்கா. எதப் பூட்டுதது?"

பால் பொங்கி வழிந்தது. இறக்கி வைத்தேன். துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன். "சார்ட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன். என் வாயில் முதலில் வந்தது அந்தக் கேள்விதான்.

"சொல்லல. நான் ஏறிருந்தா ஒங்களுக்கு அங்க வேலையே இருந்திருக்காது. என் தப்பு அது. அது போவாது." கிண்ணத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஆனா நீங்க ஏறாம இருந்திருக்க மாட்டியக்கா. ஒங்களப் பத்தி எனக்குத் தெரியும். மேல எதப் பாத்தாலும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். அப்ப புள்ள வயித்துலதான இருந்துச்சு."

என் பதிலுக்கு அவள் நிற்கவில்லை. போனாள். எனக்கு வந்தது கோபம். சாரிடம் போய்ச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? சொல்லாமல் விட்டு, நல்ல பெயர் அத்தனையையும் அவளே சுருட்டிக்கொண்டு, என்னை இப்படி நடுவீட்டில் நிறுத்திவிட்டுப் போகிறாளே. ஏழு வருஷத்தில் என் கண்ணைப் பற்றி ஒருத்தரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. சொன்னவள் இவள் ஒருத்தி. அதையும் இப்படியா சொல்ல வேண்டும்?

நவம்பர் 21

சாரிடம் போனேன். "சார், அந்தப் பூட்டு விஷயம்" என்று ஆரம்பித்தேன். சார் நிமிராமல், "அது பைல் முடிஞ்சு மேல போயாச்சு வடிவு, அதக் கிளறாத. மேற்பார்வையாளருக்கு ஒன் பேரத்தான் எழுதிருக்கேன்" என்றார். சரி சார் என்றேன். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் சொல்லியிருப்பேன். நிற்கவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

மேற்பார்வையாளர் ஆகிவிட்டேன். மீதிப் பதினெட்டுப் பெண்களும் எழுந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் அரைக் கிலோ லட்டு வாங்கி வந்தார். எனக்கு இனி ஏறுகிற வேலை இல்லை, ஏறினார்களா என்று பார்க்கிற வேலை.

முதல் நாள் எந்தத் தெருவுக்குப் போவது என்று நானே முடிவு செய்யலாம். செக்கடித் தெருவுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். காலையில் குளிக்கும்போது வார்த்தையைக்கூடச் சேர்த்து வைத்திருந்தேன்.

இசக்கி உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வேதக்கனி. பால் கட்டிக்கொண்டு வலிக்கிறதாம். வெந்நீரில் துணியைப் பிழிந்து பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்து, பிள்ளை போனதற்குத் தான்தான் காரணம் என்று வேதக்கனி சொல்லியிருக்கிறாள். இசக்கியின் அம்மா முதலில் செருப்பைத் தூக்கினாளாம். பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்களாம். தெருவே சொல்கிறது. வேலை போய், பேர் கெட்டு, அவள் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.

இசக்கியின் அம்மா என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "வாம்மா. ஒனக்குப் பெரிய வேல குடுத்துருக்காவளாமே, நல்லாரு. அன்னைக்கு மட்டும் அந்த வீடு தொறந்து கெடந்திருந்தா நீ ஏறிப் பாத்துருப்ப. எம்பேத்தி இருந்துருப்பா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே வேதக்கனியின் கை நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். முறைக்கவில்லை. நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"தண்ணி டிரம்ம நல்லா மூடி வைங்க" என்றேன்.

"மூடித்தாம்மா இருக்கு" என்றாள் இசக்கியின் அம்மா. "என்னைக்கும் மூடித்தான் வச்சிருந்தோம்."